பழைய பிக்கப்பின் முன் பிரேக்: மலை இறக்கத்துக்குத் தயார்செய்யும் முறை

பழைய பிக்கப் வைத்திருப்பவர் முன் பிரேக்கை மேம்படுத்த நினைத்ததும் முதலில் கேட்பது, "பெரிய டிஸ்க் போடலாமா?" என்பதைத்தான். போடலாம். ஆனால் அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைச் சரியாக முடித்துவிட்டால் பல வண்டிகளுக்குப் பெரிய டிஸ்க்கே தேவைப்படாது.

மலையில் பிரேக்கின் எதிரி சூடு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்கம் ஏறத்தாழ 1,400 மீட்டர். வண்டியும் கேரட் மூட்டையும் சேர்ந்து 2,500 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரம் இறங்குவதற்குள் வெளிப்படும் ஆற்றல் சுமார் 34 மெகா ஜூல். கரண்ட் கணக்கில் ஒன்பதரை யூனிட். டயர் உராய்வும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதியை என்ஜின் தாங்க வேண்டும், இல்லையேல் பிரேக் தாங்க வேண்டும். டாப் கியரில் பெடலை மிதித்தபடியே வருகிற வண்டிக்கு எவ்வளவு விலையுயர்ந்த டிஸ்க் மாட்டினாலும் பர்லியாறு வருவதற்குள் லைனிங் நாற்றம் அடிக்கும். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கமிருந்து வத்தலக்குண்டுக்கு லோடு இறக்குகிறவர்களுக்கு இறக்கம் இதைவிட நீளம். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில், அல்லது அதற்கும் கீழே ஒரு கியரில் இறங்குவது என்ற பழைய பாடத்தைப் பின்பற்றாதவருக்கு இந்தக் கட்டுரையால் பெரிய பயன் இல்லை.

இங்கே சொல்வது முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம், மிதிக்கும் காலுக்கு உதவும் வேக்கம் பூஸ்டர் உள்ள ஒரு டன், ஒன்றேகால் டன் வகைப் பிக்கப்புக்கு. நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள பழைய ஜீப் வகை வண்டிகளுக்கான குறிப்பு தனியாகக் கீழே வருகிறது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவதில் இரண்டு வகை உண்டு. பெடல் கல்லுப் போல இறுக்கமாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடு சூடேறித் தன் பிடியை இழந்துவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொடுகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. கொதித்த ஆயில் ஆவியாகிறது, ஆவி அமுங்குகிறது, அழுத்தம் பிஸ்டனுக்குப் போவதில்லை. முதல் வகைக்கு மருந்து நல்ல பேடும் கனமான டிஸ்க்கும். இரண்டாவது வகைக்கு மருந்து புது ஆயில். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஆயில் கொதித்த வண்டிக்குப் பேடு மாற்றி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

வெப்பம் அளக்கும் துப்பாக்கி ஒன்று கையில் இருந்தால் நோய் தானாகவே தெரிந்துவிடும். இறக்கம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தி, இரண்டு முன் டிஸ்க்கையும் இரண்டு பின் டிரம்மையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடதும் வலதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 50 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால் அந்தப் பக்கக் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஒட்டிக்கொண்டு உராய்கிறது, அல்லது குறைந்த சூடு காட்டுகிற பக்கம் வேலையே செய்யவில்லை. முன்னால் 300 டிகிரி, பின்னால் 80 டிகிரி என்று வந்தால் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். கோளாறு பின்னால் இருக்கிறது.

பின் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

முன் பிரேக் மேம்பாடு பின் டிரம்மில் தொடங்க வேண்டும் என்றால் விநோதமாகத் தோன்றும். லோடு ஏற்றிய பிக்கப்பில் எடையின் பெரும்பகுதி பின் ஆக்ஸிலில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே டிரம் பிடிக்காவிட்டால் அந்தச் சுமையும் முன் டிஸ்க்கின் தலையில் வந்து விழும். டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டர் கசிகிறதா, டிரம்முக்குள் உராயும் ஷூவில் ஆக்ஸில் ஆயில் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். ஊறிய ஷூவைக் கழுவிப் போடும் வேலை வேண்டாம், மாற்றிவிடுங்கள். டிரம்மின் உள்விட்டம் அதில் பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டியிருந்தால் அதுவும் போக வேண்டியதுதான். ஷூவின் அட்ஜஸ்டரைச் சக்கரம் லேசாக உரசும்வரை ஏற்றி, பிறகு உரசல் நிற்கும்வரை சிறிது இறக்குங்கள்.

அடுத்தது, பெரும்பாலானோர் கவனிக்காத பாகம். பல பிக்கப்களில் சேஸிஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஒரு சிறு கம்பியோடு லோடு சென்சிங் வால்வு இருக்கும். லோடு ஏறி பாடி தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் திறந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்பும். காலியாக இருக்கும்போது பின் சக்கரம் லாக் ஆகாமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். நம் ஊரில் லோடு தாங்கட்டும் என்று பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாக ஏற்றிவிடுகிறோம். அப்புறம் ஒன்றரை டன் ஏற்றினாலும் பாடி தாழாது. வால்வு வண்டி காலி என்றே எண்ணிக்கொண்டிருக்கும். முழு லோடில் பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும், முன் டிஸ்க் நீலம் பாரிக்கும். பட்டை ஏற்றிய வண்டியில் அந்தக் கம்பியின் நீளத்தையோ தாங்கியின் உயரத்தையோ கம்பெனி கையேட்டில் சொன்ன முறைப்படி மறுபடி செட் செய்ய வேண்டும். கம்பி துருப்பிடித்து இறுகியிருப்பதும், யாரோ கழற்றி ஒயரால் கட்டிவைத்திருப்பதும் உண்டு. படுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

பூஸ்டரையும் சோதியுங்கள். என்ஜினை அணைத்து, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர், வேக்கம் ஹோஸ், ஆல்டர்னேட்டரோடு வரும் வேக்கம் பம்ப் ஆகிய மூன்றில் ஒன்று போய்விட்டது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறையக் கால் பங்கு குறைவு. வேக்கம் பூஸ்டர் அந்தக் காற்றழுத்தத்தை நம்பித்தான் வேலை செய்கிறது என்பதால், நல்ல பூஸ்டரின் உச்ச உதவியும் மேலே அதே அளவுக்குக் குறையும். தளர்ந்த பம்ப் கோவையில் தெரியாது, லவ்டேலில் தெரியும். டீசல் மிச்சம் என்று என்ஜினை அணைத்து நியூட்ரலில் இறக்குகிறவர்களுக்கு இரண்டு மூன்று மிதியோடு பூஸ்டர் உதவியும் முடிந்துவிடும். என்ஜின் பிரேக்கிங்கும் இல்லை.

என்ன வாங்க வேண்டும்

ஆயிலில் தொடங்கலாம், அதுதான் மலிவான மேம்பாடு. டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பின் 140. டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. டாட் 5.1 என்றால் 260, ஈரத்தோடு 180. இவை மூன்றும் ஒரே இனம், ஒன்றோடொன்று கலக்கலாம். டாட் 5 என்று வெறுமனே போட்டிருப்பது சிலிகான் ஆயில். அது வேறு இனம், மற்ற எதோடும் கலக்கக் கூடாது. முதலில் சொன்ன மூன்றும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் குணமுடையவை. வருடத்தில் பாதி நாள் மூடுபனியில் நிற்கிற வண்டிக்கு ஐந்து வருடப் பழைய ஆயில் இருந்தால், 140 டிகிரியையும் நம்ப முடியாது. டாட் 4 ஒரு லிட்டர் வாங்குங்கள். மொத்த ஆயிலையும் மாற்ற 600 முதல் 800 மில்லி வரை ஆகும். திறந்த பாட்டிலில் மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்காதீர்கள்.

பேடு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் உள்ள படத்தைப் பார்க்காமல், பேடின் ஓரத்தில் அச்சிட்ட எழுத்துகளைப் பாருங்கள். நீண்ட எண்வரிசையின் கடைசியில் எஃப் எஃப், எஃப் இ, ஜி ஜி என்பது போல இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உள்ள பிடி, இரண்டாவது கடும் சூட்டில் உள்ள பிடி. இ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எஃப் இ என்று போட்ட பேடு சூடேறினால் தளரும் என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கிறது. மலைக்கு எஃப் எஃப் அல்லது அதற்கு மேல், செமி மெட்டாலிக் வகை. டிஸ்க் கொஞ்சம் வேகமாகத் தேயும், காலையில் குளிரில் கீச்சென்று சத்தம் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

டிஸ்க்கில் கவனிக்க வேண்டியது எடை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 2,500 கிலோ வண்டியை ஒரு தடவை நிறுத்தினால் சுமார் 350 கிலோ ஜூல் சூடு பிறக்கிறது. அதில் 70 சதவீதம் முன்னால் என்றால், ஒவ்வொன்றும் 7 கிலோ உள்ள இரண்டு டிஸ்க்கும் ஒரே நிறுத்தத்தில் ஏறக்குறைய 36 டிகிரி ஏறும். 10 கிலோ டிஸ்க் என்றால் 25 டிகிரிதான். அடுத்தடுத்த வளைவில் இந்த வித்தியாசம் மேலே மேலே சேரும். நடுவில் காற்றுவழி விட்ட டிஸ்க் சீக்கிரம் ஆறவும் செய்யும். உங்கள் வண்டியில் தட்டையான ஒற்றை டிஸ்க் இருந்து, அதே மாடலின் பிந்தைய வருட வண்டியில் காற்றுவழி டிஸ்க் வந்திருந்தால், அந்தக் காலிப்பர், தாங்கி, டிஸ்க் மூன்றையும் செட்டாக வாங்கி மாட்டுவதே நல்ல வழி. ஓட்டை போட்ட, கோடு வெட்டிய டிஸ்க்குகள் பார்க்க அழகு. லோடு வண்டியில் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும் என்பதால் வேண்டாம்.

காலிப்பர் பெரிதானால் ஒரு கணக்கு உண்டு. பிஸ்டன் 54 மில்லிமீட்டரிலிருந்து 60 ஆனால் பரப்பளவு 23 சதவீதம் கூடும். பிடியும் 23 சதவீதம் கூடும். ஆனால் அதைத் தள்ள ஆயிலும் அதே அளவு கூடுதலாக வேண்டும், எனவே பெடல் ஆழமாக இறங்கும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை 22.2 மில்லிமீட்டரிலிருந்து 23.8க்கு மாற்றினால் பெடல் பழைய உயரத்துக்குக் கிட்டே வரும், ஆனால் முதலில் கிடைத்த 23 சதவீதம் ஏழெட்டாகச் சுருங்கிவிடும். காசு செலவழித்துக் காலிப்பரும் மாஸ்டர் சிலிண்டரும் மாற்றியவர் வித்தியாசமே தெரியவில்லை என்று நொந்துகொள்வது இதனால்தான். கிடைக்கும் லாபம் பெரிய டிஸ்க்கின் விட்டத்திலும் எடையிலும் இருக்கிறது.

பெரிய காலிப்பர் பழைய ரிம்முக்குள் சுழலுமா என்பதைக் கடையிலேயே பாருங்கள். காலிப்பரின் வெளிவிளிம்பை அட்டையில் வரைந்து வெட்டி ரிம்முக்குள் வைத்தால் போதும். சுற்றிலும் குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி, அதுவும் பேலன்ஸ் ஈயக்கட்டியைக் கணக்கில் சேர்த்து. இடம் போதாதென்று ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால் சக்கரத்தின் மையமான ஹப்பில் உள்ள பேரிங்கின் ஆயுள் குறையும்.

மற்றச் சாமான்கள்: பேடு ஒரு செட், அதாவது நான்கு. காலிப்பர் ரப்பர் கிட் இரண்டு. முன் பிரேக் ஹோஸ் இரண்டு, பின்னால் ஆக்ஸிலுக்குப் போகும் ஹோஸ் ஒன்று. ஹோஸ் போல்ட்டுக்குக் காப்பர் வாஷர் நான்கு, அவசரத்துக்கு இரண்டு கூடுதல். டிஸ்க் ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்டிருக்கும் வண்டியென்றால் ஹப் சீல் இரண்டு, ஸ்ப்ளிட் பின் இரண்டு, பேரிங் கிரீஸ் கால் கிலோ. பிரேக் கிளீனர் ஸ்ப்ரே இரண்டு, காலிப்பர் நகர்ந்துவர உதவும் ஸ்லைடு பின்னுக்குப் பூசும் சிலிகான் கிரீஸ் ஒரு சிறு டியூப், லைனில் சிக்கிய ஏரை வெளியேற்றும் நிப்பிளுக்கு மாட்ட உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு மீட்டர். ஸ்டாண்டு இரண்டு இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

கழற்றுவது

நீலகிரியில் சமதளம் தேடுவதே பாதி வேலை. கிடைக்கும்வரை தேடுங்கள். சரிவில் ஜாக்கி வைத்த வண்டி நகரும். பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை, ஹேண்ட் பிரேக், முதல் கியர். வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே இளக்கி, பிறகு ஜாக்கியில் ஏற்றி, சேஸிஸுக்கோ ஆக்ஸிலுக்கோ ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல், கருங்கல் அடுக்குவது வேண்டாம். அழுத்தத்தில் செங்கல் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும்.

ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். சந்தேகம் வந்தால் பார்த்து மாட்ட மறுபக்கம் முழுதாக இருக்கும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம். கிளீனரோ சோப்புத் தண்ணீரோ விட்டு நனைத்துத் துடைக்கவும்.

பேடு இரண்டையும் எடுத்ததும் தேய்மானத்தைப் படியுங்கள். உள் பேடு தேய்ந்து வெளிப் பேடு புதிது மாதிரி இருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. ஒரே பேடு சாய்வாகத் தேய்ந்திருந்தால் ஒரு பின் மட்டும் இறுகியது, அல்லது தாங்கியில் பேடு உட்காரும் இடம் துருவேறியது. ஓட்டமில்லாமல் தோட்டத்திலேயே வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் இவை சாதாரணம்.

பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்றடிக்க வேண்டாம். ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே, பேடு இருந்த இடத்தில் மரத்துண்டு வைத்து, ஒருவர் பெடலை மெதுவாக மிதித்தால் பிஸ்டன் தானாக வெளியே வரும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டுங்கள். பிஸ்டனின் வழவழப்பான மேற்பரப்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் பிஸ்டன் மாற்ற வேண்டும். எமரி போட்டுத் தேய்த்தால் குரோம் போய்விடும், அடுத்த மழைக்காலத்தில் துரு பிடிக்கும்.

சீல் உட்காரும் பள்ளத்தில் இருக்கும் வெள்ளைத் துருவை மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். இந்தப் பள்ளம் முக்கியம். பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் அல்ல, அந்தச் சதுர சீல்தான். மிதிக்கும்போது முறுகி, விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை இம்மியளவு பின்னே இழுக்கிறது. பள்ளத்தில் துரு இருந்தால் சீல் இறுகும், பிஸ்டன் திரும்பாது, பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். புது சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் போடுங்கள். பெட்ரோல், டீசல், என்ஜின் ஆயில், சாதா கிரீஸ் எதுவும் இந்த ரப்பரில் படக் கூடாது. உப்பிவிடும். ஸ்லைடு பின்னுக்கும் சிலிகான் கிரீஸ் மட்டும்தான்.

மாட்டுவது

டிஸ்க் ஹப்பின் முன்னால் வீல் போல்ட்டில் நுழைகிற வகை என்றால் எளிது. ஹப் முகத்தில் இருக்கும் துருவை வயர் பிரஷ்ஷால் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துணுக்குத் துரு, டிஸ்க்கின் விளிம்பில் பெரிதாகி ஆட்டமாகத் தெரியும். ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்ட வகை என்றால் ஹப்பையே கழற்ற வேண்டும். பேரிங்கைக் கழுவி, புது கிரீஸை ரோலருக்கு நடுவில் புகும்படி உள்ளங்கையில் வைத்து அழுத்தி நிரப்புங்கள். திருப்பி மாட்டும்போது ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் தளர்த்தி, மறுபடி கையால் இறுகும் அளவுக்கு மட்டும் திருப்பி, புது ஸ்ப்ளிட் பின். சக்கரம் ஆடவும் கூடாது, கனமாகச் சுழலவும் கூடாது. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு முறை சொல்லியிருந்தால் அதைச் செய்யுங்கள்.

புது டிஸ்க்கில் துரு தடுக்கும் எண்ணெய் பூசியிருக்கும். கிளீனரால் இரண்டு முகத்தையும் துடைத்து எடுக்காவிட்டால் புது பேடு முதல் மிதியிலேயே பாழ். டயல் கேஜ் கிடைத்தால் டிஸ்க்கை நட்டு போட்டுப் பிடித்து ஆட்டம் பாருங்கள். 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், 0.05 என்றால் நிம்மதி. பழைய டிஸ்க்கையே லேத்தில் கடைந்து போடுவதானால், கடைந்த பிறகு கிடைக்கும் கனம் டிஸ்க்கில் பொறித்த குறைந்தபட்ச அளவுக்கு மேலே தாராளமாக இருக்க வேண்டும். மெலிந்த டிஸ்க் மலையில் சீக்கிரம் சூடேறும் என்பது மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது.

காலிப்பர் மாட்டியதும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேல் பக்கம் இருக்க வேண்டும். கீழே இருந்தால் இடதும் வலதும் மாறிவிட்டது. வண்டி ஓடும், பிரேக்கும் ஓரளவு பிடிக்கும், ஆனால் ஏர் மட்டும் எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் வெளியே வராது. புதியவர்கள் ஒரு நாள் முழுவதையும் இதில் தொலைக்கிறார்கள்.

ஹோஸ் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புது காப்பர் வாஷர். ஹோஸில் நீளவாக்கில் ஒரு கோடு போட்டிருக்கும், அது முறுக்காமல் நேராக ஓட வேண்டும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் டயரையோ ரிம்மையோ தொடுகிறதா என்று பாருங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே படலம் உரிந்து ஒருவழி வால்வு மாதிரி ஆகியிருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. பத்து வருட ஹோஸை யோசிக்காமல் மாற்றுங்கள்.

இறுக்கத்துக்குக் கையேடே அளவு. கையேடு இல்லாதபோது வழக்கமாக, 12 மில்லிமீட்டர் தாங்கி போல்ட்டுக்கு 80 முதல் 110 நியூட்டன் மீட்டர், ஸ்லைடு பின்னுக்கும் ஹோஸ் போல்ட்டுக்கும் 25 முதல் 35, நிப்பிளுக்கு 7 முதல் 10. நிப்பிளைப் பலம் போட்டு இறுக்கினால் அடுத்த முறை அது உடைந்து காலிப்பருக்குள் தங்கும்.

ஏர் எடுப்பது

ஆயில் டாங்கில் பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். வலது பக்க ஸ்டீயரிங் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருப்பது இடது பின் சக்கரம். அங்கே தொடங்கி வலது பின், இடது முன், வலது முன். லோடு சென்சிங் வால்விலேயே நிப்பிள் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

டியூபின் ஒரு முனை நிப்பிளில், மறு முனை கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்கி. மேலே உட்கார்ந்தவர் மெதுவாக மிதித்துப் பிடித்து, "பிடிச்சாச்சு" என்று குரல் கொடுத்த பிறகு நிப்பிளைத் திறங்கள். ஆயில் வந்து நின்றதும் மூடி, "விடு" என்று சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். முன்னதாகவே எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போகும். பெடலுக்கு அடியில் ஒரு கைப்பிடி கனமுள்ள மரத்துண்டு வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் உள்ளிருக்கும் ரப்பர் கப் வழக்கமாகப் போய்வரும் தூரம் வரைதான் வழவழப்பாக இருக்கும், அதற்கு அப்பால் துரு. ஏர் எடுக்கிறேன் என்று தரைவரை மிதித்தால் கப் அந்தத் துருவில் உரசிக் கிழியும், வேலை முடிந்த மறுநாள் பெடல் இறங்கும்.

ஒவ்வொரு சக்கரத்திலும் குமிழ் நின்று, புது ஆயிலின் தெளிந்த நிறம் வரும்வரை எடுங்கள். பத்துப் பதினைந்து மிதிக்கு ஒரு தரம் டாங்கைப் பாருங்கள். காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெயின்ட்டில் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு. வெளியே ஈரம் தெரியாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் போய்விட்டது.

பேடு படிய வைப்பது

புது பேடு புது டிஸ்க்கில் படியும்வரை முழுப் பிடி கிடைக்காது. சமவெளியில் இதற்கு அவசரம் இல்லை. மலையில், வேலை முடித்த கையோடு கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவிலும் இறக்கினால் பேடின் பசை கருகி மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம் படியும், அப்புறம் அந்த பேடு உருப்படாது. எனவே இறங்குவதற்கு முன், மேலேயே, காலி வண்டியில், போக்குவரத்து இல்லாத அதிகாலையில், ஏற்ற இறக்கம் குறைந்த ஒரு சாலைத்துண்டில் இதைச் செய்யுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்கு மிதமாகப் பிடித்துக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். அரை நிமிடம் ஓட்டி மறுபடியும். இப்படிப் பத்துத் தடவை. பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். லேசான வாடை வருவது இயல்பு. சூடான நிலையில் நின்றுகொண்டு பெடலை மிதித்துப் பிடித்திருந்தால் பேடின் அச்சு டிஸ்க்கில் ஒட்டி, அதுவே பின்னாளில் ஸ்டீயரிங் நடுக்கமாக வரும்.

முதல் இறக்கத்தைப் பாதி லோடில் வையுங்கள். வழியில் நிறுத்திச் சூட்டை அளந்து, பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவது ஓட்டுநர்களிடம் ஊறிப்போன பழக்கம். வார்ப்பிரும்பு சட்டெனக் குளிர்ந்தால் கோணும், விரிசலும் விடும். நிழலில் அரை மணி நிறுத்தினால் போதும், சக்கரத்துக்குக் கல் கொடுத்து. ஆயில் ஒரு தடவை கொதித்த வண்டியில், ஆறியபின் பெடல் பழையபடி வந்துவிட்டாலும், அந்த ஆயிலை மாற்றாமல் மறு லோடு ஏற்றாதீர்கள்.

நான்கும் டிரம் உள்ள வண்டி

முன் டிரம்மை டிஸ்க்காக மாற்றும்போது டிஸ்க்கையும் காலிப்பரையும் மட்டும் வாங்கி வந்தால் வேலை பாதியில் நிற்கும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் லைனில் சிறிது அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு இருக்கலாம். டிஸ்க்குக்கு அது ஆகாது, பேடு எப்போதும் உரசும். பேடு தேயத் தேயக் காலிப்பர் கூடுதல் ஆயிலை வாங்கிக்கொள்ளும், அதற்கேற்ற பெரிய டாங்க் வேண்டும். டிரம் ஷூ சுழற்சியின் வேகத்திலேயே தன்னை மேலும் இறுக்கிக்கொள்ளும், டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது. பூஸ்டர் இல்லாத வண்டியில் கால் வலிக்கும், வண்டி நிற்காது. ஆக நக்கிள் (ஹப்பைத் தாங்கும் ஸ்டீயரிங் பாகம்) அல்லது தாங்கி, ஹப், டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் என்று முழு செட்டும் அதே கம்பெனியின் பிந்தைய மாடலிலிருந்து வர வேண்டும். லேத்தில் வெட்டி வெல்டிங் வைத்த தாங்கியை நம்பி மலை இறங்கக் கூடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு வருடம் தாண்டிய லோடு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, அங்கே பிரேக்கையும் பார்ப்பார்கள்.

வேலை முடிந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டையும் தாங்கி போல்ட்டையும் மறுபடி இறுக்கம் பாருங்கள். பேடு 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றுங்கள். ஆயிலை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், ஸ்லைடு பின்னை மழைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். மழைக்கு முன் என்பது கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மே மாதம், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் செப்டம்பர்.